பதினோரு தட்டு

அந்த ஐஸ் பெட்டிய மொதல்ல கீழ வைங்க மாப்ள. தோள்லயே மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க, நானா பிடுங்கிக்கப் போறேன்? உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. ஆமா, ஐஸ் எதுக்கு? அவளே போட்டுக் குடுத்தாளா? நல்லா இருக்கு போங்க. நீங்க வாங்கிட்டுப் போக வந்திருக்கிற பூஞ்சைக்குக் குளுரு ஆகவே ஆகாது. மழக்காட்டுல பொறந்தது, ஃப்ரிட்ஜுல ஒரு வாரம் வச்சா செத்துப்போயிடும். பதினாறு வருஷம் இதே ரூம்ல என் பக்கத்துல உக்காந்து வேல பாத்தவ உங்க பொண்டாட்டி. இதக்கூடவா மறந்துட்டா?

என்ன, ஒண்ணுகூட முளைக்கலையா? ரெண்டு மாசத்துல? எத்தன பாட்டில்ல வெதச்சிருக்கா? இருநூறா. ம்.

இல்ல, டீ வந்துடும், இருங்க. அவசரப்பட்டு என்ன ஆகப்போவுது.

உங்களுக்கு இதெல்லாம் அவ சொல்லியிருக்க மாட்டா. நீங்களும் கேட்டிருக்க மாட்டீங்க. இந்த ஆர்க்கிட் வெத இருக்கே, தூசு மாதிரி இருக்கும். பக்கத்துல தும்முனா போச்சு. மத்த வெதைக்கெல்லாம் உள்ள கொஞ்சம் சாப்பாடு இருக்கும். இதுக்கு ஒண்ணும் கெடையாது, வெறுங்கைய வீசிக்கிட்டு வந்துடும். அப்பறம் அதுக்குன்னு இருக்கிற பூஞ்சை ஒண்ணு வந்து உள்ள நொழஞ்சு சோறு ஊட்டினாத்தான் உசுரு. இந்தச் செடி ரொம்பப் பிகு பண்ணும், வேற எந்தப் பூஞ்சையும் ஆகாது. பூஞ்சையே இல்லாம, சர்க்கர கலந்த கூழுலயும் வெதயப் போட்டுப் பாத்தோம். கண்ணு முழிக்கும், பத்தே நாள்ல கருகிடும்.

அந்தப் பூஞ்சை எப்படிக் கெடச்சுச்சு தெரியுமா? ஒரே ஒரு மரத்துல இருந்துச்சு அந்தச் செடி. நான்தான் ஏறினேன். அவ கீழ நின்னு அக்கா வழுக்கும், அக்கா பாத்துன்னு கத்திக்கிட்டே இருந்தா. நகம் அளவு வேரு கிள்ளிட்டு வந்து, நாலு வருஷம் தோத்து, அஞ்சாவது வருஷம்தான் அந்தப் பூஞ்சை இங்க கண்ணாடித் தட்டுல வளந்துச்சு. அன்னிக்கு ரெண்டு பேரும் இந்த மேசையில சாஞ்சுக்கிட்டு சின்னப் புள்ளைங்க மாதிரி அழுதோம்.

தூக்கிட்டுப் போனதப் பத்தி நான் பேசல மாப்ள. நான் பல்லு புடுங்கிட்டு வீட்டுல வீங்கின மூஞ்சியோட படுத்திருந்தேன், அவ சாவி போட்டுத் தொறந்து பதினோரு தட்டு எடுத்துட்டுப் போயிட்டா. போகட்டும். பெரிய எடம், பெரிய லேபு, கூப்புட்டாங்க, போனா. எனக்கும் பத்துத் தட்டு விட்டு வச்சிருந்தாளே. கேட்டிருந்தா நானே துணி சுத்திக் குடுத்திருப்பேன். கேக்கலையேன்னுதான் மூணு வருஷமா வலிக்குது.

ஆனா இந்தப் பூஞ்சையப் பத்தி அவ எழுதுன அந்தக் கட்டுரை. அத நீங்க படிச்சீங்களா? கண்டுபிடிச்சது யாருன்னு அவ பேரு மட்டும். கடைசில சின்ன எழுத்துல ஒரு வரி, மரம் ஏறி வேர் எடுத்துத் தந்த உதவியாளர் ஒருவருக்கு நன்றி. ஒருவருக்கு. எனக்குப் பேரு இல்லையா மாப்ள? அவளுக்கு மொத மொத மைக்ராஸ்கோப்புல கண்ண வைக்கச் சொல்லிக் குடுத்தவ நான். கூடப் பொறந்தவள ஒருவர்னு எழுதிட்டா. கழுத்தறுத்தா கூட ரத்தம் வரும், இதுல அதுவும் வரல.

சரி, ஏன் முளைக்கலன்னு கேட்டீங்க. சொல்றேன். தட்டுல சர்க்கரையும் மாவும் போட்டு வச்சா பூஞ்சை சொகுசா வளரும், வெள்ள வெளேர்னு பஞ்சு மாதிரி. பாக்க அழகா இருக்கும். ஆனா சொகுசு பழகிடுச்சுன்னா செடிகூட வாழறதயே மறந்துடும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவ அத நாலு வெதைகூடச் சேத்து முளைக்க விடணும். அந்த நாத்தோட வேர வெட்டித் திரும்பப் பூஞ்சைய எடுக்கணும். மிச்ச நாத்தெல்லாம் கொண்டுபோய் அந்த மரத்துலயே கட்டிட்டு வருவோம். இது அவளுக்கு நல்லாத் தெரியும், நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் செய்வோம். அங்க போய்ச் செய்யல. மூணு வருஷமா செய்யல. அதுவும் மறந்துடுச்சு, அவளும் மறந்துட்டா.

தெரியும், மரத்த வெட்டிட்டாங்கன்னு தெரியும். ரோடு வருதாம். வெட்டறதுக்கு மொத நாளு அவதான் போய் அந்தச் செடியோட கடைசிக் காயப் பறிச்சான்னும் கேள்விப்பட்டேன். அந்த ஒரு விஷயத்துல கெட்டிக்காரிதான்.

இல்ல மாப்ள, அவமேல இருக்கிற கோவத்துல தரமாட்டேன்னு சொல்லல. அவளுக்காக இல்லேன்னாலும் அந்த வெதைக்காகத் தந்திருப்பேன்.

உங்க பின்னாடி இருக்கே, பெரிய குக்கர் மாதிரி, அது வேண்டாத தட்டெல்லாம் அவிச்சு ஒழிக்கிறது. அந்தக் கட்டுரை வந்த அன்னிக்கு என் பத்துத் தட்டையும் அதுல வச்சு மூடிட்டேன். இருவது நிமிஷம், முடிஞ்சுது. இனிமே இந்தத் தட்டுங்கள தெனமும் பாக்க வேணாம்னு தோணிச்சு. மரம்தான் இருக்கே, மனசு ஆறினா வேரு கிள்ளிட்டு வரலாம்னு நெனச்சேன். எட்டாம் நாளு மரம் போச்சு.

அப்பவும் நான் பதறல, தெரியுமா? சின்னவகிட்ட பதினோரு தட்டு இருக்கு, அவ வேலைல சுத்தம், வருஷா வருஷம் வேருல விட்டு எடுத்திருப்பான்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க இந்தப் பெட்டியோட வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் அவள நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன் மாப்ள.