பச்சைக் கிளையும் பலகை வேலியும்

ஹேசல்கோட் தோட்டக்காரர் சங்கத்தைப் பதினாறு ஆண்டுகளாய்ப் பண்போடு நடத்திவரும் பெருந்தகை, தலைவர் பிம் அவர்களே! முன்வரிசையில் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் மூத்தோரே! மழையையும் பொருட்படுத்தாமல் கேக் சுட்டுக் கொண்டுவந்திருக்கும் தாய்மார்களே! அதோ, தேநீர்ப் பானை அருகே என் பக்கமே திரும்பாமல் நிற்கும் என் அண்டை வீட்டார், மேவிஸ் டாட் அம்மையாரே! அனைவருக்கும் இந்தக் கிளிஃப் ஹார்டேக்கரின் பணிவான மாலை வணக்கம்!

நான் யார்? ரயிலில் முப்பது ஆண்டு டிக்கெட் பரிசோதித்தவன். தூங்குபவனைக் கண்டால் நடிக்கிறான் என்பேன். சிரிப்பவனைக் கண்டால் டிக்கெட் இல்லை என்பேன். யார் அங்கே சிரிப்பது? பின்வரிசை வில்ஃப்தானே? உன்னை ரயிலில் வந்த காலத்திலேயே எனக்குத் தெரியும்!

இன்று இந்த ஆண்டுக் கூட்டத்தில் மேவிஸைச் சங்கத்திலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். அடுத்தவர் செடியில் கத்தரி வைத்தவருக்குச் சங்கத்தில் இடமில்லை. அது நம் விதி. புகார் கொடுத்தவன் நான். ஆகவே நடந்ததை நானே சொல்கிறேன்.

மூன்று வசந்தங்களுக்கு முன் நாற்றுப்பண்ணைக்குப் போனேன். பட்டாம்பூச்சிகள் மொய்க்கும் பூச்செடியான பட்டாம்பூச்சிப் புதர் வேண்டும், அதிலும் பச்சையும் பாலாடை நிறமும் கலந்த இலைக்காரி! இருபது தொட்டியையும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அடியில் வேர் சுருண்டிருக்கிறதா? இலை மடிப்பில் பூச்சி ஒளிந்திருக்கிறதா? விற்பவர் முகத்தில் கள்ளம் தெரிகிறதா?

என் மனைவி ஈனிட் பொறுக்காமல் சொன்னாள்: "ஏங்க, செடி வாங்க வந்தீங்களா, இல்ல அதைக் கைது பண்ண வந்தீங்களா?"

வெயில் விழும் இடமாய், நீர் தேங்காத மண்ணாய்ப் பார்த்து, மேவிஸ் தோட்டத்தை ஒட்டி நட்டேன். அந்தக் கோடையே மேவிஸ் எட்டிப் பார்த்தார். "கிளிஃப், அடியில முழுப் பச்சையா ஒரு கிளை கிளம்புது பாருங்க. அதை வெட்டிடுங்க."

வெட்டுவதா? இருப்பதிலேயே கொழுத்த கிளையை வெட்டுவதா? அவரும் அதே வகைச் செடி வைத்திருக்கிறார். சங்கத்தின் அதே செடிப் போட்டிக்கு வருகிறார். எதிரி கொடுக்கும் யோசனையை எவன் ஏற்பான்? நான் ஏற்கவில்லை!

ஒரு வாரத்தில் அந்தக் கிளையைக் காணோம். சாய்வாய், சுத்தமாய் ஒரு வெட்டு. மறு கோடையிலும் வெட்டு! அங்கொன்று, இங்கொன்று! ஆனாலும் அந்த ஆகஸ்டில் எனக்கே முதல் பரிசு. மறுவாரம் மறுபடி வெட்டு. பொறாமை, வேறென்ன? செடியைச் சுற்றி மைதா மாவைத் தூவினேன். காலையில் பார்த்தால், மேவிஸின் குதிகால் தேய்ந்த பூட்ஸ் தடம்!

நேரே போய்க் கேட்டேன். "என் செடியை வெட்டினது நீங்கதானே?"

"ஆமா கிளிஃப், நான்தான். எதுக்குன்னா..."

எதுக்கு என்று கேட்டேனா? இல்லை! கத்தினேன். சங்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினேன். ஆறடிக்குப் பலகை வேலி அடித்தேன்.

இந்த ஆண்டு என் செடி வளர்ந்தது பாருங்கள்! மார்ச்சில் வழக்கம்போல் நானே முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டதை, ஜூலையில் நான் அண்ணாந்து பார்த்தேன். தினமும் வேலியைச் சோதித்தேன்; பலகையைச் சோதித்தேன்; ஆணியைச் சோதித்தேன். இலையை மட்டும் பார்க்கவில்லை.

போன மாதம் நடுவர் தோட்டத்துக்கு வந்தார். செடியைச் சுற்றினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுற்றினார்.

"ரெண்டு நிற இலைச் செடின்னு எழுதியிருக்கீங்களே, அது எங்கேங்க?"

"உங்க முன்னாடிதான் நிக்குது!"

"ஐயா, இது வெறும் பச்சை. ரயில் தண்டவாளத்து ஓரமா களையா முளைச்சுக் கிடக்கே, அதுதான் இது."

நான் நடுவரையும் சந்தேகித்தேன்! யாரோ செடியை மாற்றிவிட்டார்கள் என்று குதித்தேன். ஈனிட்தான் மண்டியிட்டுக் காட்டினாள். அடியில், இருட்டில், ஒரே ஒரு குச்சியில் நான்கே இலை, பாலாடை விளிம்போடு.

"பச்சைக் கிளைக்குத் தெம்பு ஜாஸ்திங்க. விட்டா மத்ததை அமுக்கிடும். அதைத்தான் மேவிஸ் ரெண்டு வருஷமா வெட்டிக்கிட்டு இருந்தா. நீங்கதான் வேலி போட்டுத் தடுத்தீங்க."

அன்பர்களே! எனக்கு முதல் பரிசு கிடைத்த ஆண்டில் இரண்டாம் பரிசு யாருக்கு? சொல்லுங்கள், யாருக்கு? மேவிஸுக்கு! தன்னைத் தோற்கடிக்கப்போகும் செடியைத் தன் கையால் காப்பாற்றிய பெண்ணை, நான் மாவு தூவிப் பிடித்தேன்! வெட்கமாக இருக்கிறது. சொல்லவே நா கூசுகிறது.

"டீ ஆறுது கிளிஃப், சீக்கிரம் முடிங்க!"

முடிக்கிறேன் மேவிஸ், இதோ முடிக்கிறேன்! தலைவர் அவர்களே, என் புகார் இதோ, நானே கிழிக்கிறேன். நீக்க வேண்டும் என்று யாராவது கை தூக்கினால், முதலில் என் பெயரை நீக்குங்கள்.

நேற்றுப் பச்சைக் கிளை அத்தனையும் வெட்டிவிட்டேன். இப்போது மிச்சம் அந்த நான்கு இலை மட்டும். பிழைக்குமா? எனக்குத் தெரியாது. தெரிந்தவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அதனால் இன்று காலை ஒரு பலகையைக் கழற்றினேன். கத்தரியோடு ஒரு கை நுழைய அந்த இடம் போதும். மாவு தூவவில்லை, மேவிஸ்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. தேநீர் ஊற்றப்போகும் கைக்கு என் வணக்கம்.