கண்ணு செவந்தாதான் லீவு

இன்னா சிஸ்டர், இவ்ளோ நேரம் டார்ச்சு அடிச்சுப் பாக்கறீங்க, செவந்துக்குதா இல்லியா? கம்பெனி பஸ்ல என் மூஞ்சியப் பாத்துட்டு பக்கத்து சீட்டுல ஒருத்தியும் ஒக்காரல. படப்பைலேருந்து கால நீட்டிக்கினு ராணி மாதிரி வந்தேன்.

பீளை தள்ளலியா? இனிமே தள்ளும் சிஸ்டர். தள்ளும்னுதான் நெனைக்கறேன்.

சரி, சிரிக்காதீங்க. சொல்லிடறேன். இந்த மெட்ராஸ் ஐய வாங்கறதுக்கு ரெண்டு மூணு நாளா நாயா அலையறேன். நம்ம கம்பெனில ஜொரம்னு வந்தா மாத்திரயக் குடுத்து திரும்ப லைன்லயே நிக்க வெக்கறாங்க. கண்ணு செவந்தா மட்டும், லைனே படுத்துடும் தாயேன்னு சம்பளத்தோட வூட்டுக்கு அனுப்பிடறாங்க இல்ல?

எங்க லைன்ல ஒயர் மாட்டற தங்கமாரிக்கு மொதல்ல வந்துச்சா, வண்டி வர்ற வரைக்கும் அவள வெளில ஒக்கார வெச்சீங்களா, நான் சாப்பாட்ட எடுத்துக்கினு போயி எதிர்ல ஒக்காந்து அவ கண்ணையே பாத்தேன். கண்ணப் பாத்தா ஒட்டிக்கும்னு எங்க ஊரு ஸ்கூல்ல டீச்சரே சொல்லுவாங்க. ஏட்டி, என்ன லவ் பண்ணுதியான்னு கேக்கறா அவ. திருநெல்வேலிக்காரி. எனக்கு வந்தது கழுத்து வலிதான்.

அப்பறம் நீங்க மைக்ல சொன்னீங்க, பாத்தா ஒட்டாது, கை, துண்டு, தலகாணி, இதுலதான் ஒட்டும்னு. அத முன்னாடியே சொல்லியிருந்தா அன்னிக்கு சோத்தயாச்சும் நிம்மதியா துன்னுருப்பேன். நேரா அவ ரூமுக்குப் போனேன். அக்கா, துண்டக் குடுன்னு வாங்கி மூஞ்சி பூரா தேச்சேன். ஒரு மண்ணும் வரல. இன்னாடான்னு பாத்தா, நீங்க சொல்லி அனுப்பனீங்கன்னு துண்ட வெந்நில அலசி, வெயில்ல காயப் போட்டு வெச்சிக்கிறா! இத்தினி பேருல உங்க பேச்சக் கேக்கற ஒரே ஆளு, அது எனக்குன்னு வந்து வாய்க்கணுமா?

வெங்காயமா? அது நேத்தே பாத்துட்டேன். பஸ் வர்றதுக்குள்ள கண்ணு தெளிஞ்சுடுச்சு. மிச்சத்த சாம்பார்ல போட்டேன்.

அப்ப இது எப்பிடி செவந்துச்சா?

அழுதா செவக்காதா இன்னா. பாத்ரூம்ல கொழாயத் தொறந்து வுட்டுட்டு அழுதேன், எங்க வூட்டுக்காரருக்குக் கேக்கக் கூடாதுன்னு.

பெருசா ஒண்ணுமில்ல சிஸ்டர். எங்க பாப்பா இசைவாணிக்கு தக்காளிக் காய்ச்சல். ஒண்ணற வயசு. கையி, காலு, வாயி எல்லாம் கொப்புளம். தானா போயிடும், ஒடம்புல தண்ணி மட்டும் கொறையக் கூடாதுன்னாரு டாக்டர். நான் வேலைக்கு வந்தா பாத்துக்கற கிளியம்மாக்கா, மத்த புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும், இங்க வுடாதன்னுட்டாங்க. நாயந்தான். அவரு நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, தூங்காம மடியில வெச்சிக்கினு கீறாரு. வாயி பூரா புண்ணு, டம்ளரக் கண்டாலே கத்துது. தாய்ப்பாலத் தவிர ஒண்ணும் எறங்கல. நேத்து நான் வூட்டுக்குப் போற வரைக்கும் ஒண்ணுக்கே போவல சிஸ்டர். சூப்பர்வைசர்கிட்ட லீவு கேட்டா, புள்ளைக்குதான, உனக்கா வந்துச்சுங்கறாரு.

ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். இந்தத் தக்காளிக் காய்ச்சலும் எச்சில்ல, கையில ஒட்டறதுதான? காலைல அதுக்கு ஒழுவின எச்சில இந்தக் கையாலதான் தொடச்சேன். சோப்பு போட்டுக் கழுவனேன், இல்லன்னு சொல்லல. ஆனா எங்கிட்ட இருந்தாலும் வெளில தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரு. லைன்ல என் பக்கத்துல நிக்கறவ மாசமா கீறா. ஒரே டப்பால கை வெச்சுத் துன்றோம்.

கண்ணு பொய்யி சிஸ்டர். இது நெசம். சூப்பர்வைசருக்கு ஒரு போனப் போட்டு, இவள உள்ள வுடாதீங்கன்னு நீங்களே சொல்லிடுங்களேன்.