நிப்றாஸுக்கு நான் தெரிவு செய்த பிக்கப்

திடீர் மரண விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

மன்னிக்க வேண்டும், ஒரு சிறிய விடயம். தவணை அறிக்கைகளையும் விடுமுறைக் கடிதங்களையும் தவிர நான் இதுவரை எதையும் எழுதியவனல்லன். மூடப்பட்ட ஒரு விசாரணைக் கோவையைத் திறக்குமாறு கேட்கும் தகுதியும் எனக்கில்லை. எனது வசனங்களில் குறை காணின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கடற்காற்று உலோகம் எதையும் விட்டுவைப்பதில்லை. கல்முனையில் வசிப்போருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எனினும் என் கதை அந்தத் துருவில்தான் தொடங்குகிறது.

கடந்த பெப்ரவரியில் சவளக்கடை விளையாட்டுக் கழக மேடையில் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்த நிப்றாஸ் மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். அவ்விசாரணையில் மின் சாதனங்கள் பற்றி அபிப்பிராயம் கூறத் தாங்கள் என்னை அழைத்தீர்கள். நான் விஞ்ஞான ஆசிரியன். பிற்பகல்களில் என் வீட்டு முன்னறையில் ஒலிச் சாதனங்கள் திருத்துகிறேன். அவருடைய அம்ப்ளிபயரின் உடலில் மின்கசிவு இருந்ததையும் பிளக்கில், கசிவை நிலத்துக்கு இறக்கும் எர்த் முனை வெட்டப்பட்டிருந்ததையும் கூறினேன். தற்செயல் விபத்து என்று தாங்கள் தீர்மானித்தீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. ஆனால் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், "சாதனத்தின் ஆபத்து குறித்து இறந்தவரை எவரும் எச்சரித்திருக்கவில்லை" என்று ஒரு வசனம் உள்ளது. அது பிழை. அதைத் திருத்தவே இதை எழுதத் துணிந்தேன்.

நான் எச்சரித்தேன்; விசாரணையில் அதை எவரும் என்னிடம் கேட்கவில்லை. அதற்கு முந்திய வருடம் மார்ச் மாதம், நிப்றாஸ் அந்த அம்ப்ளிபயரைத் திருத்துவதற்கு என்னிடம் கொண்டுவந்தார். கிற்றாரும் கையில் இருந்தது. அவருடைய இசைக்குழுவின் பாடகர், பாண்டிருப்பைச் சேர்ந்த வினோஜ், உடன் வந்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நான் சொன்னேன்:

"மன்னிக்கணும் தம்பி, ஒரு சின்ன விசயம். இதுக்கு எர்த் இல்ல. ஒரு நாளைக்கி அடிக்கும்."

"மூணாவது பின் வெச்சா மேடையில பிளக் போகாது சேர். அதான் வெட்டின. நீங்க சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க."

விளங்கவில்லையாக்கும் என்று எண்ணி மீண்டும் சொன்னேன். நிப்றாஸ் கிற்றாரை என் மேசையிலிருந்த அம்ப்ளிபயரில் செருகி, நான் சொன்னதை அப்படியே வாசித்தார். 'மன்னிக்கணும்' என்பதில் என் குரல் ஏறுவதும், 'சின்ன விசயம்' என்பதில் அது குழைவதும், 'அடிக்கும்' என்பதில் தயங்கி விழுவதும் அந்தக் கம்பிகளில் கேட்டன. என் குரல் வெளியில் அப்படிக் கேட்கிறது என்பதை ஐம்பத்தொரு வயதில்தான் அறிந்துகொண்டேன்.

வினோஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், சேர் கிற்றாருக்குள்ள பூந்திட்டார்டா."

"சேர்ர கதையில ஒரு ராகம் இரிக்கி மச்சான்," என்றார் நிப்றாஸ். "இத விடப்படா."

பிளக்கை மாற்றச் சம்மதிக்காமல் பெட்டியை அப்படியே எடுத்துச் சென்றார். மெட்டையும் அவர் விடவில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கலியாண மண்டபங்களில் இரண்டு பாட்டுகளுக்கு இடையே அதை வாசித்தார். "மன்னிக்கணும் தம்பி, ஒரு சின்ன விசயம்" என்று வினோஜ் மைக்கில் சொல்லுவார். மிகுதியைக் கிற்றார் சொல்லும். எர்த் என்ற சொல் முதல் மாதத்திலேயே உதிர்ந்துவிட்டது. மெட்டு மாத்திரம் எஞ்சியது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்வரிசை வாங்கில் அது எழும். ஆசிரியர் அறையில் நான் வாய் திறக்கும் முன்பே எவரேனும் "மன்னிக்கணும்" என்பார். வழியில் கண்டால் நிப்றாஸ் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்: "சேர், எட்டு மாசமாகிட்டு. இன்னும் அடிக்கல்லியே."

இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒருநாள் மாலை, ஒன்பதாம் தரத்தில் படிக்கும் என் மகள் பாஹிமா கோப்பைகளைக் கழுவியபடி அந்த மெட்டை முணுமுணுத்தாள். அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டேன். "எல்லாரும் பாடுறதானே வாப்பா," என்றாள். நான் தொழுகைக்கு எழுந்து சென்றேன்.

இந்த ஜனவரியில் நிப்றாஸ் கிற்றாருடன் வந்தார். கம்பிகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வைப் பிடித்து மின்னாக்கி அனுப்பும் காந்தச் சுருள்களைப் பிக்கப் என்பார்கள். அவருடைய கிற்றாரில் இரண்டு இருந்தன. ஒன்று செத்துவிட்டது, மற்றது ஓயாமல் இரைந்தது. கட்டாரிலுள்ள மச்சான் விடுமுறையில் வருவதாகவும், புதிய சோடி ஒன்றைக் கொண்டுவருவார் எனவும் கூறி, போனில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று சாதாரண வகை. மற்றது பற்றரியில் இயங்குவது.

"எனக்கு மனசு பற்றரி பக்கம்தான் சேர். ஆனா நீங்க சொல்றதுதான் முடிவு. ஒங்கட கைய விட்டா இந்த ஊருல வேற யாரு?"

கிற்றாரை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவர் போனபின் திறந்து பார்த்தேன். சுருளைத் துரு தின்றிருந்தது. கம்பிகளை அம்ப்ளிபயரின் உடலோடு இணைக்கும் மெல்லிய வயரையும் துரு அறுத்திருந்தது. அந்த இரைச்சலுக்கும் அதுவே காரணம். அந்த வயர் இணைந்திருந்தால் பெட்டியின் கசிவு கம்பிகளில் நின்றிருக்கும். அவருடைய விரல்களிலும் நின்றிருக்கும். என் எச்சரிக்கையை ஒரு வருடமாகப் பொய்யாக்கி வந்தது அந்தத் துரு.

இனி வருவதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். பற்றரி வகைக்கு அந்த வயர் தேவையில்லை. அதைப் பூட்டினால் அறுந்த வயரை நான் வெட்டி எறிந்திருப்பேன். சாதாரண வகைக்கு அது தேவை, இல்லாவிடில் இரையும்.

அப்பியாசக் கொப்பியின் தாளொன்றில் எட்டு வரிகளில் என் பரிந்துரையை எழுதினேன். பாட்டின் நடுவில் பற்றரி தீரலாம் என்றும், அதைப் பொருத்த மரத்தைக் குடைய வேண்டும் என்றும், அவர் வாசிக்கும் மெதுவான பாட்டுகளுக்குச் சாதாரண வகையின் நாதமே இதமானது என்றும், இவ்வாறு. எட்டும் உண்மையானவை, துறை தெரிந்த எவரிடமும் காட்டலாம். ஒன்பதாவது வரியாக அந்த வயரைப் பற்றி எழுத இடம் இருந்தது. நான் எழுதவில்லை.

மூன்று வாரங்களின் பின் சாதாரண சோடி வந்தது. பூட்டினேன். வயரைப் புதிதாக ஈயம் வைத்து ஒட்டினேன். இத்தனை வருடங்களில் நான் வைத்த ஒட்டுகளில் மிகத் துப்புரவானது அதுவே. என் மேசை அம்ப்ளிபயருக்கு முறையான எர்த் உண்டு; அதில் செருகி வாசித்துப் பார்த்த நிப்றாஸ் கண்களை மூடிக்கொண்டார்.

"இரைச்சலே இல்ல சேர்."

பின்பு என் கைகள் இரண்டையும் பற்றிக்கொண்டார். "கோவம் ஒண்டும் இல்லதானே? ஒங்கள எனக்குச் சரியான விருப்பம் சேர். விருப்பமில்லாட்டி அந்த மெட்ட எப்பவோ விட்டிருப்பன். சனிக்கிழம சவளக்கடைக்கு வாங்க. முன்வரிசையில கதிர போடுறன்."

கோபமில்லை என்றேன். மரியாதைக்காகச் சென்றேன்.

பிற்பகல் நான்கு மணி. காலையில் பெய்த மழையில் மைதானம் ஈரமாக இருந்தது. மைக், வாடகைக்கு வந்த வேறொரு ஒலித்தொகுதியைச் சேர்ந்தது. அதற்கு எர்த் சரியாக இருந்தது. நான் முன்னதாகவே சென்று பார்த்திருந்தேன். பலகை மேடையில் சப்பாத்துடன் நின்று கிற்றார் வாசிப்பவருக்கு ஒன்றும் நேராது. கம்பிகளில் கை இருக்கும்போது அந்த மைக்கைத் தொட்டால் மாத்திரமே மின் உடலினூடாக அதன் எர்த்துக்கு இறங்கும். வினோஜ் நான்கு பாட்டுகள் பாடினார். நிப்றாஸ் மைக்கின் அருகே வரவில்லை. அன்று எதுவும் நடவாது போகலாம் என்றும் எண்ணினேன்.

ஐந்தாம் பாட்டுக்கு முன் அவர் அந்த மெட்டைத் தொடங்கினார். சனம் சேர்ந்து பாடியது. வழமையாக வசனத்தைச் சொல்லுபவர் வினோஜ். அன்று என்னை முன்வரிசையில் கண்ட நிப்றாஸ், வினோஜை விலகச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, சிரித்தபடி தாமே மைக்கை நோக்கி வந்தார். ஐந்து அடி தூரம் இருக்கும்.

நான் எழுந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எதைச் சொல்ல முயன்றாலும் என் வாயில் "மன்னிக்கணும்" என்றே தொடங்கும். முந்நூறு பேர் சிரித்திருப்பார்கள்.

"மன்னிக்கணும்" என்று அவர் சொன்னார். உதடு மைக்கில் பட்டது.

அவர் நடுங்கியதை நடிப்பென்று எண்ணிச் சனம் கைதட்டியது. வினோஜும் சிரித்தார். நான் கைதட்டவில்லை என்பதைப் பதிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எவரும் எச்சரிக்கவில்லை என்று தங்கள் முன் சாட்சியமளித்தவர் வினோஜ். அவர் பொய் சொல்லவில்லை. அந்த எச்சரிக்கையை ஒரு வருடமாக மேடைகளில் சொல்லி வந்தவருக்கு அது எச்சரிக்கை என்பது மறந்துவிட்டது.

இரண்டில் எது அவரைக் கொல்லும் என்று அறிந்தே நான் அதைத் தெரிவு செய்தேன். இதைத் தாங்கள் விரும்பியவாறு பதியலாம். ஆயினும் இரண்டாம் பக்கத்து வசனத்தை முதலில் திருத்துமாறு வேண்டுகிறேன். நான் சொன்னது சரியாகவே இருந்தது.

இழப்பு விபரம்: நிப்றாஸ், வயது இருபத்தாறு. அவருடைய தாயார் ஆயிஷா உம்மாவுக்கு இருந்த ஒரே மகன். ஏப்ரல் மாதத்துக்குக் குறித்திருந்த ஒரு நிக்காஹ். கிற்றார் ஒன்று, பொலிஸ் பொறுப்பில். அதிலுள்ள பிக்கப் இரண்டும் பழுதில்லை. பாஹிமா இப்போது வீட்டில் எந்தப் பாட்டையும் முணுமுணுப்பதில்லை. அதைச் சேர்க்க வேண்டுமா என்பது தெரியவில்லை. என் பக்கத்தில் வேறு இழப்பு எதுவும் இல்லை.