உள்பையில் இருந்த மாத்திரை

என் சட்டைகளுக்கெல்லாம் என் மனைவிதான் உள்பை வைத்துத் தைப்பாள். பேருந்துச் சீட்டைக்கூட இறங்குவதற்குள் தொலைத்துவிடுகிற ஆள் நான். மாத்திரைக் குப்பி அன்றைக்கும் அந்த உள்பையில்தான் இருந்தது, ஐயா. தொலையவில்லை. என் மகள் கொடுத்திருக்கும் புகாரில் ஒரு வரியும் பொய்யில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலிகளின் இதயத்தைத் துடிக்க வைப்பது என் வேலை. உடலை விட்டு எடுத்த இதயத்தைக் கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு வெதுவெதுப்பான உப்புநீரைச் செலுத்தினால், அது தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். நீரை வெகுநேரம் அடைத்தால் தசை செத்துவிடும். ஆனால் முதலில் கொஞ்சம் அடைத்து, திறந்து, மறுபடி அடைத்து, திறந்து பழக்கிவிட்டால், பிறகு வருகிற பெரிய அடைப்பை அது ஓரளவு தாங்கிவிடுகிறது. இதயத் தசை தனக்குள்ளேயே அபினைப் போன்ற பொருள்களைச் சுரந்துகொள்வது அதற்கு ஒரு காரணம். என்கெஃபலின் என்பது அவற்றில் ஒன்று. அபினை முறிக்கும் மருந்தை முன்கூட்டியே நீரில் கலந்துவிட்டால், பழகிய இதயமும் பழகாததைப் போலவே கெட்டுப்போகும். என் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன்.

என் மனைவிக்கு இதயக் குழாய்கள் சுருங்கியிருந்தன. நாங்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆபரேஷனை இந்த இதயம் தாங்காது. மாத்திரையில ஓட்டுங்க. பெரிசா ஒண்ணு வந்தா கஷ்டம்" என்றார். நான் அவர் காலில் விழாத குறை. பெரிசாக ஒன்று வரும் என்று தெரிந்த பிறகு, கையைக் கட்டிக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது?

வலி வந்ததும் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்தக் குப்பியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வலி வந்தால், "கொஞ்சம் பொறு, உள்ள சுரக்கட்டும்" என்பேன். பிறகு கொடுப்பேன்.

"ஊருல பிள்ளைங்களுக்குத்தான் டியூஷன் வைப்பாங்க. நீங்க என் நெஞ்சுக்கு வைக்கிறீங்க" என்றாள்.

"பரீட்சைக்கு முன்னாடி படிக்க வேணாமா?"

"ஃபெயிலானா மறுபடி எழுத விடுவாங்களா, வாத்தியாரே?"

இருவரும் சிரித்தோம். அன்றிலிருந்து நான் அவளுக்கு வாத்தியார்.

யாரிடமும் கேட்காமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள். புரொபசரிடம் பட்டும் படாமலும் கேட்டேன். "நீ தொங்கவிடறது நோய் நொடி இல்லாத இளசோட இதயம்யா. அடிபட்ட இதயத்துல இது சரியா வேலை செய்யாது" என்றார். சரியாக வேலை செய்யாது என்றால், பயிற்சி கூடுதலாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டிலேயே உட்கார்ந்து தைத்ததில் அவளுக்கு வலி வருவது குறைந்தது. வலி இல்லாமல் பழக்குவது எப்படி? அதனால் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தையல் மெஷினை மாடி அறைக்கு மாற்றினேன். கத்தரிக்கோலைக் கீழேயே வைத்துவிடுவேன். நூல்கண்டையும் அப்படித்தான். அவள் ஏறி இறங்குவாள். நான் படிக்கட்டின் அடியில், குப்பியோடு நின்றுகொண்டிருப்பேன். காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலும், கடிகாரத்தில்தான் கண்ணை வைத்திருப்பேன். மனசைக் கல்லாக்கிக்கொள்வேன்.

பிறகு ஒருநாள், "இப்பல்லாம் வலிக்கவே இல்லைங்க" என்றாள். முகம் வேர்த்திருந்தது. படியேறி வந்தால் யாருக்குத்தான் வேர்க்காது? அன்று அவளுக்குப் பூப்போட்ட புடவை ஒன்று வாங்கி வந்தேன். "வாத்தியாருக்கு ரிசல்ட் பார்த்து சந்தோஷம்" என்று சொல்லி, அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

புகாரில் இருக்கிற அந்த நாள் காலை, மெஷின் சத்தம் நின்றது. மேலே ஓடினேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"போதும் வாத்தியாரே. குடுத்துடுங்க."

என் கை உள்பை மேல்தான் இருந்தது. இதுதான் அந்தப் பரீட்சை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது வெளியிலிருந்து மருந்தைக் கொடுத்தால், இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண். "இன்னும் கொஞ்சம்மா" என்றேன். சரி என்று தலையாட்டினாள். அவள் என் பேச்சைத் தட்டியதே இல்லை. தான் தைத்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பார்க்கவில்லை.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் அவளைச் சாகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னும் வேண்டுமென்றே வலி வரவைத்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலியோடு போனாள் என்று மட்டும் எழுத வேண்டாம். வலி நின்றுவிட்டது என்று அவளே என்னிடம் சொன்னாள்.

மெஷின் டிராயரில் மகள் ஏதோ துணித்துண்டுகளைக் கண்டெடுத்தாளாம். தடிமனாக மடித்தவை, எல்லாவற்றிலும் ஆழமாகப் பல் பதிந்திருக்கிறது. "அம்மா சத்தம் போடாம இருக்கக் கடிச்சதுப்பா, உங்களுக்காக" என்று அழுகிறாள். சின்னப் பெண், அவளுக்குத் தையல் தெரியாது. ஊசியில் நூல் கோக்கும்போது துணியைப் பல்லில் கவ்விக்கொள்வது தைக்கிறவர்களின் பழக்கம்தான், ஐயா.