ஒதுக்கு என்றொரு பொத்தான்

புது மடிக்கணினி வந்தால், திரையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை யார் உரிப்பது என்று அக்கா வீட்டில் எப்போதும் போட்டி நடக்கும். இந்த முறை போட்டிக்கு ஆள் இல்லை. அத்தான் பெட்டியை என் பக்கம் தள்ளி, "நீயே உரிடா" என்றார். உரித்தேன். மூலையில் நகம் வைத்து மெதுவாக இழுத்தால் கிழியாமல் வரும்.

நம் குழுவிலிருந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. லினக்ஸின் சோதனைப் பதிப்பான பீட்டாவில், வட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில், 'ஒதுக்கு' என்ற சொல் எப்படி நுழைந்தது? நான்தான் போட்டேன். இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது. ஏன் போட்டேன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் சிலர் புதியவர்கள். கணினியை இயக்கும் லினக்ஸின் திரைகளைத் தமிழாக்கும் இந்தக் குழுவை ஆரம்பித்தவர் என் அக்கா கணவர். அவர் ஒப்புதல் தராமல் ஒரு சொல்லும் உள்ளே போகாது. வேலை போனபிறகு நான் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் தங்கியிருந்தேன். சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டாமே என்று மொழிபெயர்ப்பில் சேர்ந்தேன். ஒரு வட்டை லினக்ஸுக்கென்று கொடுப்பதை ஆங்கிலத்தில் 'அலோகேட்' என்று போட்டிருந்த இடத்துக்கு 'ஒதுக்கு' என்று எழுதினேன். நிதி ஒதுக்குகிறார்கள், நேரம் ஒதுக்குகிறோம், பஸ்ஸில் இருக்கை ஒதுக்குகிறார்கள். இதில் என்ன குற்றம்?

கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அத்தான் சிரித்தார். "மச்சான், ஒதுக்குன்னா வேணாம்னு ஒரு மூலைல தள்ளி வைக்கிறது. உனக்குத் தெரியாததா? எங்க வீட்டு முன்ரூம்ல நாங்க ஒண்ணு ஒதுக்கித்தானே வெச்சிருக்கோம்."

விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அன்றிலிருந்து என் பெயர் ஒதுக்கு. மின்னஞ்சலில் ஒதுக்கு, டீ குடிக்கும்போது ஒதுக்கு. கடைசியில் அவர் மகளும் பிடித்துக்கொண்டாள். "ஒதுக்கு மாமா, சாப்பிட வா." நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

அத்தான் ஓர் அகராதி செய்துகொண்டிருந்தார், கணினிச் சொற்களுக்கு. ஒவ்வொரு சொல்லையும் எப்படி உச்சரிப்பது என்று கேட்பதற்காக மகளை வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். பள்ளி விட்டு வந்ததும் அவள் மைக் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அகர வரிசையில் 'ஒ' வரை வந்திருந்தாள். அப்புறம் அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை.

அதன்பிறகு அத்தான் கணினிப் பக்கமே போகவில்லை. ஒப்புதல் தரும் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்து, "இனி நீ பாத்துக்கடா, என்னால முடியல" என்றார். நான் பார்த்துக்கொண்டேன். அடுத்த பதிப்புக்கான வேலை வந்தபோது, என் சொல்லை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன். கீழே எச்சரிக்கையாக, "இந்த வட்டு ஒதுக்கப்படும். தொடரலாமா?" என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது, வட்டில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும் என்று. திரையில் நீளமாகத் தெரிந்தது. எடுத்துவிட்டேன்.

அத்தானை மறுபடி வேலைக்குள் இழுத்ததும் நான்தான். "பீட்டா வந்திருக்கு அத்தான், எப்பவும் நீங்கதானே முதல்ல போட்டுப் பாப்பீங்க" என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னா கேப்பார்டா, எப்படியாவது எழுப்பி விடு" என்றாள். பழைய கணினி செத்துப்போயிருந்ததால் புதியது வாங்கினார். அகராதியும் அவள் பதிவுகளும் ஒரு வெளி வட்டில் மட்டும் இருந்தன. புதியதில் உடனே ஏற்றிக்கொள்ளலாம் என்று அதைச் செருகியே வைக்கச் சொன்னேன்.

நிறுவல் ஆரம்பித்தது. மேலே மடிக்கணினியின் சொந்த வட்டு, கீழே இந்த வெளி வட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'ஒதுக்கு' என்ற பொத்தான். அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"அடப்பாவி, கடைசில உன் வார்த்தைய உள்ள தள்ளிட்டியா? பரவால்லடா, இந்த எடத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. ஒதுக்குன்னா இத தொடாம தனியா வெச்சிடும், அப்படித்தானே?"

"உங்களுக்குத் தெரியாத அர்த்தமா அத்தான்" என்றேன்.

வெளி வட்டுக்கு நேராக இருந்ததை அவர் அழுத்தினார். தொடரலாமா என்றது. தொடரலாம் என்றார். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். பச்சைக் கோடு நிதானமாக நகர்ந்து முடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு நடந்ததை நான் விவரிக்க விரும்பவில்லை. அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அக்கா அவரிடம், "அகராதி போனா போகட்டும்ங்க, பாப்பா குரல் மட்டும் எடுத்துக் குடுங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

என்னைக் கல்நெஞ்சன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முந்தின வாரமே, அவர்கள் வெளியே போயிருந்தபோது, அந்த வட்டை முழுவதுமாக நகல் எடுத்து வைத்திருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் சொல் சரி என்று அத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டதும் நகலைக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். நியாயமான ஏற்பாடு.

அவர் ஒப்புக்கொண்டார். முன்னறைக்கு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நீ சொன்ன அர்த்தம்தான்டா சரி. நான்தான் தப்பா படிச்சு என் புள்ளையோட குரலை அழிச்சிட்டேன்" என்றார். "குழுவுக்கும் எழுதிடுங்க அத்தான்" என்றேன். அந்த மின்னஞ்சலை நீங்கள் எல்லோரும் படித்திருக்கிறீர்கள். அதில் அவர் என்மேல் ஒரு வார்த்தை பழி சொல்லவில்லை. எனக்கு மனசு லேசானது. வாக்கு வாக்குதான், நகலைக் கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன்.

கொடுப்பதற்கு முன்னால் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே. கடைசிப் பதிவைத் திறந்தேன். அவள் குரல் தெளிவாக இருந்தது. "ஒதுக்கு" என்றாள். சற்று இடைவெளி. பிறகு சிரிப்பு தாங்காமல், "ஒதுக்கு மாமா" என்றாள். அவளுக்குப் பின்னால் அத்தானும் சிரித்தார். தூரத்தில் இன்னொரு சிரிப்பும் கேட்டது. இரண்டாம் முறை கேட்டபோதுதான் அது அக்கா என்று தெரிந்தது.

நகல் இருந்த வட்டை என் கணினியிலிருந்து எடுக்கவில்லை. பீட்டாவை நிறுவ ஆரம்பித்தேன். அதே திரை, அதே பொத்தான். தொடரலாமா என்று கேட்டது. அத்தானைப்போல நான் தப்பாகப் படிக்கவில்லை. அர்த்தம் தெரிந்துதான், நகலுக்கு நேராக அழுத்தினேன். அந்த இடத்துக்கு அதுதான் சரியான சொல். தயவுசெய்து அடுத்த பதிப்பில் மாற்றிவிடாதீர்கள்.