அந்தப் பக்கம் எத்தனை கோடு

மனைவி: மறுபடியும் சிவப்பா?

கணவன்: சிவப்புதான்.

மனைவி: பச்சை எரியணும்னு இந்தத் தாள்ல போட்டிருக்கு.

கணவன்: எனக்கும் படிக்கத் தெரியும்.

மனைவி: தெரியும். படிச்சீங்களா?

கணவன்: ...நீ முதல்ல அந்தப் பெட்டியைத் தள்ளி வை. கால் வைக்க இடமில்ல.

மனைவி: இது ஸ்டோர் ரூம். இடமில்லாம இருக்கிறதுதான் இதோட வேலை. கிழிஞ்ச மெத்தை, றெக்கை இல்லாத ஃபேன், உங்க மாமா குடுத்த ரேடியோ... இதுல யாருக்குங்க வைஃபை பத்தல?

கணவன்: எனக்கு. இனிமே இங்க உக்காந்து கொஞ்ச நேரம் வேலை பாக்கலாம்னு.

மனைவி: ஜன்னல் இல்லாத ரூம்ல.

கணவன்: அமைதியா இருக்கும்.

மனைவி: குழாய்க் கடைக்காரருக்கு அமைதி எதுக்கு? நெட் வழியா வாஷர் மாத்தப் போறீங்களா?

கணவன்: ஆர்டர் எல்லாம் இப்போ நெட்லதான் வருது. உனக்கு ஒண்ணும் தெரியாது.

மனைவி: அதுக்காகத்தான் மத்தியானமே கடையைப் பூட்டிட்டு, வைஃபையை இழுத்து நீட்டுற இந்த எக்ஸ்டெண்டரை வாங்கிட்டு ஓடி வந்தீங்க.

கணவன்: ஆமா. மணி என்ன?

மனைவி: மூணு பத்து. இது நாலாவது தடவை கேக்குறீங்க.

கணவன்: நாலு மணிக்குள்ள இது ஓடணும்.

மனைவி: நாலு மணிக்கு என்ன?

கணவன்: ஒண்ணுமில்ல.

மனைவி: ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்த்து ஊத்துது?

கணவன்: ஜன்னல் இல்லல்ல... அதான்.

மனைவி: சரி, காதைக் குடுங்க, படிக்கிறேன். 'ரவுட்டருக்கும் சிக்னல் எட்டாத இடத்துக்கும் நடுவில் வைக்கவும்.' நடுவுலன்னு போட்டிருக்கு. நீங்க எட்டாத இடத்துலயே கொண்டுவந்து மாட்டியிருக்கீங்க.

கணவன்: எட்டாத இடத்துலதானே நமக்கு வேணும்?

மனைவி: ஐயா, ரவுட்டர் குடுக்கிறதை வாங்கித்தான் இது அடுத்த ஆளுக்குக் குடுக்கும். இது கைக்கே ஒண்ணும் வரலன்னா எதைக் குடுக்கும்? பட்டினி கிடக்கிறவனைப் பந்தி பரிமாறச் சொல்ற கதையா இருக்கு.

கணவன்: நடுவுல வச்சா இந்தச் சுவரைத் தாண்டிப் போகாதே.

மனைவி: சுவரைத் தாண்டியா?

கணவன்: சுவர் வரைக்கும். சுவர் வரைக்கும் வராதுன்னு சொன்னேன்.

மனைவி: தாண்டின்னு சொன்னீங்க.

கணவன்: வாய் தவறிடுச்சு. நீ யாருக்கு மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருக்கே?

மனைவி: தையல் கடைக்கு. தச்சாச்சான்னு கேட்டேன்.

கணவன்: அவசரமா?

மனைவி: உங்க ஆர்டர் அளவுக்கு அவசரம் இல்ல.

கணவன்: ...ரவுட்டரை இங்க கொண்டுவந்தா?

மனைவி: என்னது?

கணவன்: ஹால்ல இருக்கிற ரவுட்டரைச் சமையலறை வாசலுக்குக் கொண்டு வருவோம். பின்னாடி ஒயர் நிறைய சுருட்டிக் கிடக்கு. அப்போ இந்த ரூம் வரைக்கும் சிக்னல் வரும். வந்தா இது வாங்கிக்கும்.

மனைவி: பரவாயில்ல. மூளை வேலை செய்யுது.

கணவன்: பேசாம ஸ்டூலை எடுத்துட்டு வா.

மனைவி: இந்தாங்க... பாத்து. ஒயரை மிதிக்காதீங்க. கதவிடுக்குல மாட்டுது, கதவிடுக்குல.

கணவன்: வச்சாச்சு. நீ இங்கேயே நில்லு, நான் உள்ள போறேன். நான் சொன்னதும் ரவுட்டர்ல பட்டனை அமுக்கு. ரெண்டு நிமிஷத்துக்குள்ள இதுலயும் அமுக்கணும்.

மனைவி: எந்தப் பட்டன்?

கணவன்: பின்னாடி, சின்னது.

மனைவி: பின்னாடி ரெண்டு சின்னது இருக்கு.

கணவன்: குழிக்குள்ள இருக்கிறதைத் தொட்டுடாதே. தொட்டா எல்லாம் அழிஞ்சு போயிடும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

மனைவி: மேல இருக்கிறதுதானே? அமுக்கிட்டேன்.

கணவன்: நான் இன்னும் சொல்லவே இல்லையே.

மனைவி: நீங்க சொல்ற வரைக்கும் காத்திருந்தா நாலு மணி ஆயிடும். அமுக்குங்க.

கணவன்: அமுக்கிட்டேன்... மின்னுது... இன்னும் மின்னுது...

மனைவி: கையை எடுங்க அதுல இருந்து.

கணவன்: பச்சை. ஏய், பச்சை வந்துடுச்சு.

மனைவி: வந்துடுச்சா? நகருங்க, நான் பாக்குறேன்... ஆமாங்க.

கணவன்: மணி?

மனைவி: மூணு முப்பத்தஞ்சு. போன்ல என்ன கேக்குது?

கணவன்: பேரு வைக்கச் சொல்லுது. நான் வச்சுக்குறேன், நீ போய் டீ போடு.

மனைவி: டீ அப்புறம். என்ன பேரு?

கணவன்: ஏதோ ஒரு பேரு.

மனைவி: காட்டுங்க... 'நண்டு'.

கணவன்: போனைக் குடு இங்க.

மனைவி: நண்டு.

கணவன்: சும்மா தோணுச்சு.

மனைவி: உங்க அண்ணன் பொண்ணை இந்த உலகத்துல ஒரே ஒரு ஆள்தான் அப்படிக் கூப்பிடுவாரு.

கணவன்: தவழும்போது பக்கவாட்டுலயே போவா. நேரா ஒரு அடி போக மாட்டா. அதான்...

மனைவி: அது எனக்குத் தெரியும். இப்போ விஷயத்துக்கு வாங்க.

கணவன்: சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க வீட்டுல நெட் இல்ல. காலையில தெருவுல பள்ளம் தோண்டினவங்க அவங்க லைனை அறுத்துட்டாங்க. சரிபண்ண நாளைக்குத்தான் ஆள் வருமாம். நாலு மணிக்கு அவளுக்கு நேர்காணல். லேப்டாப்ல முகம் பாத்துப் பேசணும். போன் நெட்டும் நம்ம ரெண்டு வீட்டுக்குள்ளயும் நிக்கவே நிக்காது, எஸ்எம்எஸ் மட்டும்தான் போகும்.

மனைவி: இது உங்களுக்கு யாரு சொன்னா?

கணவன்: யாரும் சொல்லல. சாப்பிட வந்தப்போ கொல்லையில துணி எடுக்கப் போனேன். அந்தப் பக்கம் அவ அழுதுக்கிட்டே அவ அம்மாகிட்டப் பேசிட்டு இருந்தா.

மனைவி: துணி எடுக்கப் போனீங்க. கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷத்துல...

கணவன்: சரி, துணி எடுக்கல. அழுற சத்தம் கேட்டு நின்னேன். போதுமா?

மனைவி: போதும்.

கணவன்: ஏழு மாசமா வேலை தேடுறா. இதுதான் கடைசிச் சுத்தாம். 'இன்னைக்கு விட்டா அவ்வளவுதாம்மா'ன்னு சொல்லி அழுதா. என்னால அங்க நிக்க முடியல. கடைக்குப் போய் உக்காந்தேன், அங்கயும் முடியல.

மனைவி: அப்போ இங்க வாடின்னு கூப்பிட வேண்டியதுதானே? ஹால்ல உக்காந்து பேசட்டும்.

கணவன்: அவ அப்பன் அனுப்புவானா?

மனைவி: கேட்டாத்தானே தெரியும்?

கணவன்: நான் கேக்க மாட்டேன்.

மனைவி: நீங்க ரெண்டு பேரும் பேசி நாலு வருஷம் ஆச்சுங்க.

கணவன்: அப்பாவோட ஆபரேஷன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது நான். அவன் வெளியூர்ல இருந்தான். போன் எடுக்கல. டாக்டர் இப்பவே போடணும்னு நின்னாரு, போட்டேன். அப்பா போயிட்டாரு. இவன் வந்து, வாசல்ல அத்தனை பேர் நிக்கும்போது, 'நான் வர்ற வரைக்கும் உனக்குப் பொறுக்கலையாடா'ன்னான். அது இன்னும் உள்ள குத்திக்கிட்டே இருக்கு. எனக்கு மட்டும் அவரு அப்பா இல்லையா?

மனைவி: ...தெரியும். நானும் அங்கதான் நின்னேன்.

கணவன்: அதை விடு. அவனுக்கும் எனக்கும்தான் பேச்சில்ல. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? லேப்டாப்ல தேடும்போது 'நண்டு'ன்னு வந்தா அவளுக்குப் புரிஞ்சிடும். பாஸ்வேர்ட் வைக்கல.

மனைவி: தெரு முழுக்க வந்து ஒட்டிக்கும்.

கணவன்: ஒட்டிக்கட்டும். ஒரு மணி நேரம்தானே?

மனைவி: சரி, பேரு வச்சாச்சு. சிக்னல் அந்தப் பக்கம் போகுதா?

கணவன்: இங்க நாலு கோடு காட்டுது.

மனைவி: இங்க சரி. அந்தப் பக்கம் எத்தனை கோடு?

கணவன்: ...அது எப்படித் தெரியும்?

மனைவி: அதைத்தான் நானும் கேக்குறேன். நடுவுல இருக்கிறது என்ன சுவர் தெரியுமா?

கணவன்: தெரியும்.

மனைவி: வீட்டை ரெண்டாப் பிரிக்கும்போது கொத்தனார் நாலரை இஞ்ச் போதும்னாரு. ஒம்போது இஞ்ச்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு?

கணவன்: நான்தான்.

மனைவி: எதுக்கு?

கணவன்: அவன் தும்மினாக்கூட என் காதுல விழக்கூடாதுன்னு.

மனைவி: இப்போ அனுபவிங்க.

கணவன்: இப்போ குத்திக் காட்டுற நேரமா இது? ஏதாவது வழி சொல்லு.

மனைவி: மேல அந்த வென்டிலேட்டர். அதைக் கொத்தனார் அடைக்கலையே.

கணவன்: நான்தான் அடைக்க வேணாம்னேன். அப்புறம் அட்டையை வச்சு மூடிட்டேன்.

மனைவி: அடைக்க வேணாம்னு ஏன் சொன்னீங்க?

கணவன்: காத்து வரட்டும்னு.

மனைவி: அட்டையை வச்சு மூடினா காத்து எப்படி வரும்?

கணவன்: ...மணி என்ன?

மனைவி: மூணு நாப்பத்தாறு. ஸ்டூல் மேல ஏறுங்க. நான் பிடிச்சுக்குறேன்.

கணவன்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்க? இதை அதுல சொருகி மேல தூக்கணும்.

மனைவி: இந்தாங்க. பச்சை எரியுதா பாத்துக்கோங்க.

கணவன்: அட்டையைப் பிடி... ஒரே தூசி... சத்தம் போடாதே. அந்தப் பக்கம்தான் அவ படிக்கிற ரூம்.

மனைவி: நான் எங்க சத்தம் போட்டேன்? தும்மறது நீங்க.

கணவன்: ரகசியமா பேசு. ஓட்டைகிட்ட வச்சிருக்கேன். பச்சைதான். இது போதுமா, போதாதா... ஒண்ணும் புரியலையே. பேசும்போது பாதியில அறுந்துச்சுன்னா அவ உடைஞ்சு போயிடுவா. கொல்லைப் பக்கம் போய் நீ எட்டிப் பாரேன், அவ முகத்தைப் பாத்தாவது...

மனைவி: முகத்துல கோடு தெரியுமா? இருங்க, ஒரு மெசேஜ் அனுப்பிட்டு வந்துடுறேன்.

கணவன்: இந்த நேரத்துல உனக்குத் தையல் கடை கேக்குதா?

மனைவி: தையல் கடை இல்லங்க.

கணவன்: பின்ன?

சுவருக்கு அந்தப் பக்கம்: இன்னும் ஒரு ஜாண் மேல தூக்குடா. இங்க ரெண்டு கோடுதான் வருது.

கணவன்: இது... அவன் குரல்தானே?

மனைவி: கேட்டுச்சில்ல? தூக்குங்க.

கணவன்: நீ... யாருக்கு...

மனைவி: உங்க அண்ணிக்குத்தான், அக்காவுக்கு. ரெண்டு பேரும் தினம் பேசிக்கிறோம். நீங்க ரெண்டு பேரும்தான் பேசுறதில்ல. நீங்க எக்ஸ்டெண்டரோட வாசல் ஏறினதுமே சொல்லிட்டேன். அப்போ இருந்து உங்க அண்ணன் போனைக் கையில வச்சுக்கிட்டு அந்த ரூம்ல சுவர் சுவரா நடக்குறாராம். தான் இப்படி நடக்குறதை இங்க சொல்லக்கூடாதுன்னு அக்காகிட்ட ஆயிரம் சத்தியம் வேற வாங்கினாராம்.

சுவருக்கு அந்தப் பக்கம்: கேக்குதாடா?

கணவன்: கேக்குது... இப்போ?

சுவருக்கு அந்தப் பக்கம்: கொஞ்சம் உன் வலது கைப் பக்கம். இன்னும். ம்... மூணு.

கணவன்: நண்டு எங்க?

சுவருக்கு அந்தப் பக்கம்: லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அந்தப் பேரைப் பாத்ததும் அழுதுட்டா. முகம் கழுவிட்டு வான்னு அனுப்பி, இப்பத்தான் வந்தா.

கணவன்: இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. அழக்கூடாதுன்னு சொல்லு. நிதானமாப் பேசச் சொல்லு.

சுவருக்கு அந்தப் பக்கம்: அவளுக்கே கேக்குது. நாலு கோடு வந்துடுச்சு. அசையாதே, அப்படியே பிடி.

கணவன்: எவ்வளவு நேரம் பேசுவா?

சுவருக்கு அந்தப் பக்கம்: முக்கால் மணி நேரம் ஆகுமாம். பிடிச்சிருவியா?

கணவன்: பிடிச்சிருவேன். கைதான் கொஞ்சம்...

சுவருக்கு அந்தப் பக்கம்: வலிச்சா சொல்லு. நான் அங்க வந்து பிடிச்சுக்கிறேன்.