கட்டின் நடுவிலிருந்து உருவிய கம்பி

உருக்கை உரசி உண்மை கண்ட உத்தமியே! நயமாய்ப் பேசி வருவோரின் சரக்கையும் நடுநிலை தவறாமல் சோதித்த நல்லவரே! ராமச்சந்திராபுரம் கிரேன் தொழிற்கூடத்தின் உலோக ஆய்வுப் பிரிவுக்கு ஒளியும் உரமுமாய் விளங்கிய எங்கள் ஜூடித் மேடமே! வணக்கம்.

புகழ்ச்சியில் கலப்படம் இருந்தால் முதலில் பிடிப்பவர் நீங்கள்தான் என்பதால், அடைமொழிகளை இத்துடன் நிறுத்தச் சொல்லிவிட்டார் சக ஆய்வாளர் ரமணி. ஆனாலும் ஆசை யாரை விட்டது!

லாலாகுடாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கியதும், பையை வைத்த கையோடு சரக்கு இறங்கும் முற்றத்துக்குப் போய்விடுவீர்கள். உருக்காலை தந்த தரச் சான்றிதழைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குவீர்கள். முடிவு வந்த பிறகே அதைப் புரட்டிப் பார்ப்பீர்கள். சரக்கு தேறாவிட்டால், திருப்பி அனுப்பும் முன் கொடுத்தவரை நேரில் வரவழைத்து, அவர் கண்ணெதிரே மறுபடி சோதித்துக் காட்டுவீர்கள். எவரையும் முதுகுக்குப் பின்னால் குற்றவாளியாக்க மாட்டீர்கள். இந்தப் பண்பை இனி எங்கே போய்த் தேடுவோம்!

கோவை வியாபாரி பழனிசாமி அண்ணனின் கம்பிகள் வந்த அந்த நாளை மறக்கத்தான் முடியுமா! பல்லாண்டுகளாக ஒரு குறையும் சொல்ல முடியாத சரக்கு. நாங்கள் வழக்கம்போல் கட்டின் வெளிப்புறக் கம்பிகளை மட்டும் பார்த்தோம். முனையில் பூசிய வண்ணம் சரி, குத்திய எண்ணும் சரி. கிரேன் தண்டு செய்ய உற்பத்திப் பிரிவு காத்துக்கிடந்தது. "நக்கோ மேடம், பழனிசாமி சார் மால்தானே, கைக்கு அவுக்கணும்? விட்டுடுங்க" என்று, எதற்கு அவிழ்க்க வேண்டும் எனத் தன் ஹைதராபாத் உருது கலந்த தமிழில் தடுத்தார் எங்கள் தீபக். நீங்களோ கட்டை அவிழ்த்து, நடுவிலிருந்து ஒரு கம்பியை உருவி, அறுத்துச் சோதித்தீர்கள். அது வேறு உருக்கு! பாரம் தாங்கியிருக்காது, கீழே நிற்பவர் வீடு திரும்பியிருக்க மாட்டார்.

ரயிலேறி வந்த அண்ணன் பொரிந்து தள்ளினார். "என்ற சரக்கையே அறுத்துப் பாக்கறீங்களா? இத்தன வருசப் பழக்கத்துக்கு இதுதானுங்களா மருவாதி?"

"நம்பிக்கை இல்லேன்னா உங்களை ஏன் அண்ணா நேர்ல கூப்பிடறேன்? நீங்களே நின்னு பாருங்க" என்றீர்கள்.

பார்த்தார், உடனே ஆலையில் விசாரித்தார். அவர் வாங்கிய ஆலையிலேயே வேறு உருக்கு கலந்துவிட்டிருந்தது. அதே கம்பி வேறொரு தொழிற்சாலைக்கும் போயிருந்தது. அவரே ஓடிப்போய்த் திரும்ப எடுத்துவந்தார். அன்றுமுதல் லாரியில் ஏற்றும் முன் ஒவ்வொரு கட்டையும் அவரே அவிழ்த்துப் பார்க்கிறார்.

மனம் ஏங்குகிறது அம்மா! திங்கட்கிழமையும் லாரி வரும், சோதனைக் கருவிகளும் இருக்கும், உற்பத்திப் பிரிவும் அவசரப்படுத்தும். குறுக்கே நின்று "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லும் உங்கள் குரல் மட்டும் இருக்காது.

உங்கள் பணி ஓய்வு விழாவுக்கென்றே கோவையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பழனிசாமி அண்ணன், சற்று முன் வாசலில் எங்களிடம் கேட்டார்: "இனி என்ற சரக்கைச் சந்தேகப்பட யாருங்க இருக்காங்க?" வெளிப்புறக் கம்பியோடு நின்றுவிட்ட நாங்கள்தான் இருக்கிறோம் என்றோம்.

கர்த்தர் அருளால் நோயின்றி, நிறைந்த மகிழ்வோடு, நெடுங்காலம் வாழுங்கள்! மறந்துவிடாமல் அவ்வப்போது வந்து, எங்களையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

பிரிய மனமில்லாத,
உலோக ஆய்வுப் பிரிவினர்,
ராமச்சந்திராபுரம், ஹைதராபாத்.